புலி காத்திருக்கிற ஊர்

"புலி முதுகுல மூட்டையை எறக்கி வெச்சிருக்கீங்களே..."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஆள் துள்ளி எழுந்துவிட்டான்.

பென்னாகரம் சாலை. இரண்டு பக்கமும் காடு. கொட்டுகிற மழை. அங்கே நின்று புலி என்று சொன்னால் யாரும் எழத்தான் செய்வார்கள். ஆனால் இவன் பட்டாளத்துக்காரன். காக்கிக் கால்சட்டை, புது பூட்ஸ். தீர்த்தம்மாள் சிரிப்பை ஈர முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"தரையைப் பாருங்க," என்றாள்.

பார்த்தான். சாலையோரத்துக் கல்மண்டபம் அது. அவன் மூட்டைக்கு அடியில், தேய்ந்த கல்தரையில் கோடுகள் செதுக்கியிருந்தன. உச்சியில் ஒன்றாகக் கூடி, கீழே விரிந்து, குறுக்கே வெட்டிய கோடுகள். ஆடுபுலி ஆட்டக் கட்டம்.

"இந்தப் புலியா..." அசடு வழிந்தது அவனுக்கு. "இது கடிக்காதுங்களே?"

"ஆடறவங்களைப் பொறுத்துதுங்க."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு மழைத்துளி அவன் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் மறந்து பார்த்தான். தீர்த்தம்மாள் மழையைப் பார்த்தாள். மழையில் பார்க்க என்ன இருக்கிறது... ஆனாலும் பார்த்தாள்.

1941 ஐப்பசி. பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. பஸ்கள் கரிப்புகையில் ஓடின. முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கி வந்த வண்டி, மழை பலத்ததும் மேட்டில் நின்றுவிட்டது. பயணிகள் மண்டபத்துக்கு ஓடி வந்தார்கள். தீர்த்தம்மாளும் அவள் அப்பா முனியப்பனும் தர்மபுரியிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கட்டத்தைப் பார்த்ததும் முனியப்பனுக்கு மழை மறந்துபோயிற்று. வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க தம்பி, ஒரு கை ஆடலாம். எந்த ஊரு?"

"மாரண்டஹள்ளிங்க. குப்புராஜ்னு பேரு. பென்னாகரத்துல அக்கா வூடு இருக்குது. லீவு முடியறதுக்குள்ள பாத்துட்டுப் போலாம்னு..."

"முன்னே உங்க ஊர்ல ரயில் ஓடுமே."

"அதை நிறுத்திட்டாங்க. தண்டவாளத்தையே பேத்துச் சண்டைக்கு அனுப்பிட்டாங்கன்னு பேச்சுங்க. அடுத்தது என்னைய அனுப்பறாங்க, இன்னும் பத்து நாள்ல கப்பல்."

மூன்று கருங்கல் சில்லுகள் புலி. மண்டபத்தருகே மரத்தடியில் பொறுக்கிய பதினைந்து புங்கங்கொட்டைகள் ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு தடவை புலி நகரும். ஆட்டுக்கு அந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தால் புலி அதைத் தாண்டிக் குதித்து ஆட்டை எடுத்துவிடும். ஆடுகள் எல்லாம் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

முனியப்பன் இரண்டு ஆடுதான் வைத்திருப்பார். வண்டி தள்ள ஆள் வேண்டும் என்று டிரைவர் கத்தினார்.

"நீங்க இருங்க தம்பி, துணி வீணாப் போயிரும். தீர்த்தா, எனக்குப் பதிலா நீ வெச்சிட்டு இரு. தோத்துக் கீத்து வெச்சிராத."

போய்விட்டார். மண்டபத்தின் மறுபக்கம் நாலைந்து பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

தீர்த்தம்மாள் கட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். கால் விரல்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரு கொட்டையை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"சண்டைக்குப் போறவருக்கு இங்கயும் சண்டையா?" என்று கேட்டாள்.

"இது நல்ல சண்டைங்க. செத்த ஆடெல்லாம் அடுத்த ஆட்டத்துக்கு எந்திரிச்சு வந்துரும்." அவன் ஒரு புலியை நகர்த்தினான். "எங்க பெங்களூர் கேம்புல தொரைங்களும் இதைத்தான் ஆடறாங்க. மணல்ல மலை கட்டுவாங்க. நீல நூல் வெச்சா அது ஆறு. தீக்குச்சியெல்லாம் நாங்க. சுத்தி நின்னு பிரம்பால நகத்துவாங்க. அப்படி ஒரு சந்தோசம் அவங்க மொகத்துல. சாயங்காலம் ஆனா தீக்குச்சியைப் பெட்டியில போட்டு மூடிருவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அதே குச்சியில நாங்க பீடி பத்த வெச்சுக்குவோம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மறுபக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று குனிந்து அடுத்த ஆட்டை வைத்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த ஆட்டம் புடிக்கும்?" என்று கேட்டான் அவன்.

அவளுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் முடியாது. வீட்டில் அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் யோசித்ததில்லை. அரைத்தாளா, இறைத்தாளா, அவ்வளவுதான் கேள்வி. இந்தக் கட்டத்தின் முன் உட்கார்ந்தால் மட்டும் எதிரே இருக்கிற ஆள் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்து என்ன செய்வாள்... எதற்காக இங்கே வைத்தாள்... மனசில் என்ன வைத்திருக்கிறாள்... வேறு நினைப்பே இருக்காது அவனுக்கு. அதுவும் இந்தக் கண்கள். அவள் கை கட்டத்தின் மேல் தயங்கும்போது அவையும் தயங்கின.

"சும்மாதான்," என்றாள். ஆட்டைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டாள்.

ஐயோ... புலிக்குப் பக்கத்திலேயே. அந்தப் பக்கம் காலி. ஆடு போயிற்று.

குப்புராஜ் அதைப் பார்த்தான். வேறு ஒரு புலியை நகர்த்தினான்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். இன்னும் சில ஆடுகள் வைத்தாள். மறுபடி ஓர் ஆடு புலியின் வாய்க்கு நேரே வந்து மாட்டிக்கொண்டது. அவன் அதையும் விட்டான். இப்போது அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. வேண்டுமென்றே ஓர் ஆட்டைப் புலிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். கண்ணில்லாதவனும் எடுத்துவிடுவான்.

அவன் லேசாகச் சிரித்தான். ஆட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டும் புலியை வேறு பக்கம் நகர்த்தினான்.

"எடுக்கலையா?"

"இப்பவா?" என்றான் அவன்.

அந்த ஒரு வார்த்தைதான். குழந்தையிடம் பேசுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இதுவரை அந்தக் கண்கள் பார்த்ததெல்லாம் என்ன? யோசிக்கவில்லையா அவன்? சின்னப் பிள்ளைக்குத் தோற்றுக்கொடுப்பது போல உட்கார்ந்திருந்தானா?

கையால் கட்டத்தைக் கலைத்தாள். கொட்டைகள் சிதறி மழைக்குள் ஓடின.

"பொம்பளைன்னு எரக்கப்பட்டு விட்டுக்குடுக்கறீங்களா?"

"என்னங்க இது... நான் என்ன..."

"வெளையாட்டுலயே ஓர் ஆட்டை எடுக்கக் கை வரலை. நீங்க சண்டைக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?"

அவன் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டான். பத்து நாளில் கப்பலேறப் போகிறவனிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. உறைத்தும் தலையைக் குனியவில்லை.

"சரிங்க," என்றான். மூட்டையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய் வண்டி தள்ளினான். அவன் காக்கித் துணியெல்லாம் சேறானது.

பென்னாகரத்தில் இறங்கும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை அவன் அக்கா ராஜாமணி வீட்டை விசாரித்துக்கொண்டு வெற்றிலை, பூ, பழத்தோடு வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"தம்பி ஒண்ணையே புடிச்சுட்டு நிக்கறான். ரொம்பக் கோவக்காரப் புள்ளையாமே உங்க பொண்ணு? அந்தப் புள்ளைதான் வேணுங்கறான். இப்ப வாக்கு குடுத்தா போதுங்க. திரும்பி வந்து கல்யாணம் வெச்சுக்கலாம்."

முனியப்பனுக்கு அவனைப் பிடித்திருந்தது. பட்டாளம் என்பதுதான் பிடிக்கவில்லை. மகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ என்னம்மா சொல்ற?"

அவள் மனசு முழுக்க ஒரு பதில் இருந்தது. நாக்கில் வேறு பதில் இருந்தது. அவமானப்பட்ட பிறகும் ஆள் அனுப்பியிருக்கிறான்... அதுவும் இரக்கம்தானே?

"என்னைப் பாத்து எரக்கப்படறவரு வேண்டாம்ப்பா."

அப்பா மறுபடி கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ராஜாமணி பழத்தை வைத்துவிட்டு வெறுந்தட்டோடு போனாள்.

மார்கழியில் பர்மாவில் சண்டை மூண்டது. அங்கிருந்து நடந்தே வந்தவர்களின் கதைகள் சந்தைக்கு வந்தன. தீர்த்தம்மாள் கதை கேட்கிற கூட்டத்தின் ஓரத்தில் நிற்பாள். பட்டாளத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கோவிந்தன். பாலக்கோட்டைத் தாண்டி ஒரு கிராமம், ஊரில் பாதிப் பேர் கன்னடம் பேசுவார்கள். கோவிந்தன் நல்லவர். அவள் பேச்சை ஒருநாளும் மறுத்ததில்லை. கேட்டால்தானே மறுப்பதற்கு.

அந்த வீட்டில் முதல் மழைக்காலம். நாத்தனார் சின்னக்கண்ணு அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தாள். தரையில் கரிக்கோடு. தீர்த்தம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். புலிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆடு. அந்தப் பக்கம் காலி. சின்னக்கண்ணு புலியை வேறு பக்கம் தள்ளினாள்.

"கண்ணு, அந்த ஆட்டை எடுக்கலையா?"

"இப்பவா, அண்ணி?"

முறம் நின்றது.

"இன்னும் எல்லா ஆடும் வெக்கலையே," என்றாள் சின்னக்கண்ணு. "மந்தை முழுக்க வந்து சேந்த அப்புறம்தான புலி பாயும்?"

"எங்க ஊர்ல வெக்க வெக்கவே எடுப்பாங்க."

"ஐயே... அது என்ன ஆட்டம்? வந்து நிக்கறதுக்கு முந்தியே அடிக்கறதா? இங்க பாலக்கோடு, மாரண்டஹள்ளி எங்க போனாலும் இதுதான் முறை."

மாரண்டஹள்ளி.

தீர்த்தம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவன் இரக்கப்படவில்லை. விட்டுக்கொடுக்கவில்லை. தன் ஊர் முறைப்படி அவளுடைய கடைசி ஆட்டுக்காகக் காத்திருந்தான். காலி இடத்தை விரலால் தட்டியது, அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னது. அவன் யோசித்துக்கொண்டுதான் இருந்தான். அவளைப் பற்றியே...

கேழ்வரகைப் புடைத்தாள். புடைத்ததையே திரும்பத் திரும்பப் புடைத்தாள்.

1946. மறுபடியும் ஐப்பசி, மறுபடியும் மழை. அதே சாலை. கோவிந்தனும் தீர்த்தம்மாளும் குழந்தையோடு அவள் அப்பா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாலையின் குறுக்கே ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள் வண்டி. அந்தப் பக்கம் பென்னாகரத்திலிருந்து வந்த வண்டி. ஆண்கள் எல்லாம் மரத்தை வெட்டி நகர்த்தப் போனார்கள். கோவிந்தனும் போனார்.

தீர்த்தம்மாள் தூங்குகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். கட்டம் அப்படியே இருந்தது. குழந்தையைப் புடவையில் சுற்றிப் படுக்கவைத்தாள். கை தானாகவே புங்கங்கொட்டைகளைப் பொறுக்கியது.

"இந்தத் தடவை மூட்டையைத் தள்ளித்தாங்க வெச்சிருக்கேன்."

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் திரும்பினாள்.

இளைத்திருந்தான். காக்கி இல்லை, வேட்டி. வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான். மரம் தள்ள அவன் ஏன் போகவில்லை என்று புரிந்தது. துண்டு விலகியபோது அந்தக் கையில் இரண்டு விரல்தான் இருந்தன.

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது இதுதான்.

"உங்க ஊர் முறை எனக்கு அப்பத் தெரியாதுங்க," என்றாள்.

"உங்க ஊர் முறை எனக்கும்தாங்க தெரியாது." அவன் கட்டத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். "நீங்க எதுக்குக் கோவப்பட்டீங்கன்னே புரியலை. கோழைன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். பர்மாவுல கடத்தூர்க்காரன் ஒருத்தன் கூட இருந்தான், ஆண்டின்னு. மண்ணுல கட்டம் போட்டு ஆடினோம். நான் ரெண்டாவது ஆட்டை வெச்சதும் அவன் புலி பாஞ்சுருச்சு. அழுகுணி ஆட்டம்னு அவன் சட்டையைப் புடிச்சேன். எங்க பக்கம் இப்படித்தான்டான்னு சிரிச்சான்... அப்ப தெரிஞ்சுது. அங்கயே ஒக்காந்துட்டேன். ஆண்டிக்கு ஒண்ணும் புரியலை."

"அவரு நல்லா இருக்காருங்களா?"

குப்புராஜ் மழையைப் பார்த்தான்.

"அங்க எல்லா ஆடும் வந்து சேர்ற வரைக்கும் யாரும் காத்திருக்கலைங்க," என்றான்.

வெளியே கோடாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தை புரண்டு படுத்தது. அவன் அதைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

"உங்க மூக்கு."

"உங்களுக்கு...?"

"அக்கா ஒரு எடம் சொல்லுது. தையில ஆவும்."

"நல்லதுங்க," என்றாள். கொட்டைகளை முன்னால் குவித்தாள். "வெக்கட்டுங்களா?"

"எந்த ஊரு முறை?"

"என்னைப் பாலக்கோட்டுப் பக்கம்தான் குடுத்திருக்காங்க. இப்ப எனக்கும் அதுதாங்க முறை."

அவன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான். பிறகு இடது கையால் மூன்று புலிகளை வைத்தான்.

அவள் ஆடு வைத்தாள். அவன் நகர்த்தினான். அவள் விரல் தயங்கினால் அவன் கண்ணும் தயங்கியது. ஆடுகள் புலிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன. எல்லாம் உயிரோடு இருந்தன.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க," என்றாள், தலையைத் தூக்காமல். "எதுக்கு இந்த ஆட்டம் புடிக்கும்னு."

"சும்மாதான்னு சொன்னீங்க."

"பொய்ங்க. எதிர்ல இருக்கறவங்க நம்மளையே நெனச்சுட்டு இருப்பாங்க இல்லைங்களா... இவ என்ன பண்ணுவா, இவ மனசுல என்ன இருக்குதுன்னு. என்னைய அப்படி யாரும் நெனச்சதில்லை. அன்னிக்கு நீங்க நெனச்சீங்க. அது நெசமில்லைன்னு தோணுனதும் தாங்க முடியலை. அதுதாங்க கலைச்சுட்டேன்."

அவன் அடுத்த புலியைத் தொடவில்லை.

"உங்கக்கா வந்தப்ப வேண்டாம்னு சொன்னது நான்தாங்க. அப்பா இல்லை. வாய்தான் சொல்லுச்சு. அப்பா இன்னொரு வாட்டி கேட்டிருந்தா... நானே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லலை."

"நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றான் அவன். "எங்க ஊர்ல இப்படித்தாங்கன்னு. உதடு வரைக்கும் வந்துச்சு. கிழிக்கப் போறீங்களான்னு கேட்டீங்க பாருங்க... ரோஷம்." கட்டத்தின் கோடு ஒன்றை விரலால் தடவினான். "அங்க எத்தனையோ தடவை அந்த ஆட்டத்தை மனசுல வெச்சு ஆடிப் பாத்தேங்க. ஒரு தடவையும் முடிஞ்சதில்லை. நான்தான் முடிக்கலை. முடிஞ்சா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்களே."

அவள் கண்ணில் நின்றது கட்டத்தின் மேல் விழுந்தது. மழைச்சாரல் என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் பார்க்காதது போல ஒரு புலியை நகர்த்தினான்.

அவள் கையில் ஒரே ஓர் ஆடு மிச்சம். கடைசி ஆடு. இதை வைத்தால் மந்தை சேர்ந்துவிடும். புலி பாயலாம். ஆட்டம் ஓடி எங்கேயாவது முடியும். உள்ளங்கையில் அதை இறுக்கிக்கொண்டாள்.

"வெக்கணுங்களா?" என்றாள்.

"எப்ப வேணாலும் வைங்க," என்றான் அவன். "எங்க ஊர்ல புலி காத்திருக்கும்."

கோடாரிச் சத்தம் நின்றது. மரம் இழுபடும் ஓசை கேட்டது. கோவிந்தன் மழையோடு மழையாக மண்டபத்து விளிம்பில் வந்து நின்றார்.

"தீர்த்தம்மா, வா, வண்டி கெளம்புது. கொழந்தையை நனையாம எடுத்துக்க."

எழுந்தாள். மகளை அள்ளித் தோளில் போட்டாள். அவன் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது என்று தெரியும்.

வண்டி இருமிக்கொண்டு மேடேறியது. கோவிந்தன் அவள் கையைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லைங்க."

அவர் மறுபடி கேட்கவில்லை. ஜன்னல் வழியே மண்டபம் தெரிந்தது. அந்தப் பக்கத்து வண்டிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குப்புராஜ் எழவில்லை. கட்டத்தைப் பார்த்தபடி, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தான்.